யார் கை காட்டினாலும்

உப்பனாற்றங்கரையில்
போன வருசம் மண்ணடித்து மேடாக்கிய இடம்.
பார்வைக்குத் தரை.
பூட்ஸ் குதிகாலால் ஓங்கி மிதித்தால்
கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லும்.

கொக்குக்கு இந்தச் சேற்றில் ஒற்றைக் கால் போதும்.
எண்பது டன் கிரேனுக்கு
நாலு காலையும் அகல விரித்து
ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்லீப்பர் கட்டை,
குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு அடுக்கு.
மூன்று கேட்டேன்.
கட்டை வேறு சைட்டுக்குப் போயிருக்கிறது என்றார் தயாளன் சார்.
சரி என்றேன்.
அந்தச் சரியை முதலில் எழுதிவிடுகிறேன்.

டேங்க் ஒன்பது டன் நானூறு கிலோ.
ஸ்லிங், ஷேக்கிள் தனி.
கொக்கியின் எடையும் சுமையில்தான் சேரும்.
பதினாலு மீட்டரில் பதின்மூன்று டன் வரை போகலாம்
என்கிறது கேபினில் ஒட்டிய அட்டவணை.
தரை கெட்டியாக இருந்தால், என்று
அடியில் எறும்பெழுத்தில்.

மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டது.
டேங்கின் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து
இரண்டு பிள்ளைகள்.
எதிரே கலியவரதன்,
வலது கை ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்க்க
மணிக்கட்டு மெதுவாகச் சுற்றுகிறது:
ஏத்து. இன்னும். ஏத்து.
இஞ்சின் சத்தத்தில்
அந்த விரலைத் தவிர எனக்கு உலகத்தில் யாருமில்லை.

தினமும் காலையில் வரிசையில் நிற்கவைத்து வாசிப்பார்கள்:
சைகை ஒருவர்தான் காட்ட வேண்டும்.
நிறுத்து மட்டும்
யார் கை காட்டினாலும் நிறுத்து.
கொட்டாவியோடு தலையாட்டுவோம்.

டேங்க் நாலடி எழும்பியிருந்தது.
பக்கக் கண்ணாடியில் ஒரு சேலை.
மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம்
டீ கொண்டுவரும் அம்மா
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி
காரைக்காடு ஸ்டாப்பில் நிற்காமல் போகும் பஸ்ஸை மறிப்பதுபோல்.
ஒரு கையில் தூக்கு.
மூடி கழன்று டீ முழங்கை வழியாக ஒழுகுகிறது.
அவள் கையை இறக்கவில்லை.

கலியவரதன் விரல் ஏத்து என்கிறது.

யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
லீவர் நடுவுக்கு வந்திருந்தது,
யார் கொண்டுவந்தது என்று தெரியாது.
மட்டம் காட்டும் குமிழி
ஒரு கோடு நகர்ந்திருந்தது.

இந்த நேரத்தில் பூமைத் தாழ்த்தக் கூடாது.
தாழ்த்தினால் தூரம் கூடும்,
தூரம் கூடினால் ஒன்பது டன் ஒன்பது டன்னாக இருக்காது.
பூம் அப்படியே. வண்டி திரும்பாமல்.
கயிறு மட்டும்,
தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்தும் பதத்தில்.
அந்த நாலடிக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று
கலியவரதனைக் கேட்டால் ஒன்று சொல்கிறார்,
என் சட்டையைக் கேட்டால் வேறு.

இறங்கிப் போய்ப் பார்த்தோம்.
பின் இடது கால்.
கட்டையைச் சுற்றி ஆற்றுத்தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.
நாலு விரற்கடை புதைந்திருந்தது.
பூம் நுனியில் அது எவ்வளவு என்று
யாரும் கணக்குப் போடவில்லை.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
நிறுத்தச் சொன்னவர் பெயர்.
உங்க பேரையே போட்டுடுங்க என்றார் தயாளன் சார்.
இரண்டு வருசம் அவள் கையால் டீ குடித்திருக்கிறேன்.
பெயர் தெரியவில்லை.

போய்க் கேட்டேன். பயந்துபோனாள்.
'பேரு எதுக்குங்க?
நான் டேப்புக்கு உள்ள வரலியே.'
கலியவரதன் சிரித்துச் சமாதானம் சொன்ன பிறகு
அஞ்சலாட்சி என்றாள்.

எழுதினேன். அடுத்த கட்டம் பதவி.
டீ என்று எழுதி
அது போதாது போலிருந்து
அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஸ்லீப்பர் கட்டை வந்தது.
எங்கேயும் போகவில்லை,
ஸ்டோருக்குப் பின்னால் தார்ப்பாய்க்கடியில் கிடந்ததாம்.

கொட்டின டீ பதினோரு கிளாஸ்.
கேன்டீனில் அவள் கணக்கில் பிடித்திருக்கிறார்கள்.
அதை எழுத
பதிவேட்டில் கட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.