இரவல்

வாழைச்சேனையில், கடதாசி ஆலைக்குப் பின்னால்
அந்த வருசம் முகாம் அணி ஒன்பது ஆட்டம் ஆடியது.
ஊதியது நான்,
கணக்கு வாத்தி,
வீட்டில் விசில் வைத்திருந்த குற்றத்துக்காக.

அவர்களின் பெயர்களைத் தமிழில்தான் எழுதுவேன்.
லான்ஸ் கோப்ரல் விக்கிரமரத்ன, ஏழாம் இலக்கம், இடக்கால்காரன்.
கோணர் அடிக்க முன் பந்தைத் துடைப்பான்,
பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி.
தையில் எங்களுக்கு மூன்று கோல் போட்டான்.

மாசியில் ஏழாம் இலக்கத்துக்குள் வேறொருத்தன்.
பங்குனியில் இன்னொருத்தன்,
சேர்ட் தோளில் தொங்கியது,
விலாப்பக்கம் கிழிசல் தைத்த நூல் வேறு பச்சை.
நான் கேட்கவில்லை.
தொப்பிகலைப் பக்கம் ஹெலி போன நாட்களை
எங்கள் பெடியள் எண்ணி வைத்திருந்தார்கள்.

வைகாசியில் அவர்களுக்குப் பதினொரு பேர் தேறவில்லை.
கப்டனே வந்து எங்கள் கோலியைக் கேட்டார்,
இரவலாக, ஒரேயொரு ஆட்டத்துக்கு.
சுகிர்தன் என்னைப் பார்த்தான்.
போன ஐப்பசியில் பதினாறு நாள்
அந்த வேலிக்குள் கண்கட்டோடு இருந்தவன்.
கையுறையை மாட்டிக்கொண்டு போனான்.

கடைசி நிமிசம் பெனால்டி. நான்தான் கொடுத்தேன்.
எங்கள் நிமலன் அடிக்க,
சுகிர்தன் வலப்பக்கம் பாய்ந்து பிடித்தான்.
முகாம் முழுக்க எழும்பிக் கத்தியது:
"ஷா, மல்லி!"

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது சொன்னான்,
"சேர், கத்தினதில ஒரு குரல்
எனக்குத் தெரிஞ்ச குரல்."

ஊரடங்குக்குப் பத்து நிமிசம் இருந்தது.
விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனேன்.
பாலம் வரைக்கும்
மூச்சு விடும்போதெல்லாம்
அது மெல்லக் கீச்சிட்டது.