பூம்புகாரில் பாறை பார்த்தது

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்:
சீர்காழி தாண்டிவிட்டால்
கூழாங்கல்கூடக் கிடைக்காது,
எல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட மண்.
நாயை விரட்டணும்னாலும்
செங்கல்லை உடைத்துத்தான் எறியணும்.

ஆனால் கடற்கரையில் பாறை.
கரை நெடுக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி,
கறுப்பும் சாம்பலுமாய்.
இடுக்கில் புகுந்த அலை
சோடா உடைத்ததுபோல் சீறி வெளியே வருகிறது.
கல்லூரிப் பெண்கள் நாலுபேர்
துப்பட்டா பறக்கப் படமெடுக்கிறார்கள்.
சுற்றுலா வாத்தியார் கைநீட்டிச் சொல்கிறார்:
"பல்லாயிரம் வருஷமா அலை செதுக்கினது."

சின்னையா சிரிக்கவில்லை.
குனிந்து ஒரு கல்லின் விலாவைத் தடவினார்.
நூல் பிடித்த நேர்கோட்டில்
குழாயைப் பிளந்து பதித்தமாதிரி ஒரு பள்ளம்.
"கம்ப்ரசர் போட்ட தடம். ஒண்ணேகால் இஞ்ச்."

ஓணான்மலையில்
அவர் துளை போட்டார், நான் சல்லி சுமந்தேன்,
ஏழு வருஷம்.
ராத்திரி பத்து டயர் வண்டிகள் கிழக்கே போகும்.
எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.
சனிக்கிழமை கூலி வந்தது.
மலை நின்ற இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர்.
ஆழம் பார்க்க விட்ட கயிறு
தீர்ந்துபோனது, தரை தட்டவில்லை.

"நம்ம கல்லா?" என்றேன்.
"கல்லுக்கு என்ன ஆதார் கார்டா இருக்கு?"
என்றவர் அடுத்த கல்லுக்குப் போனார்,
அதற்கடுத்த கல்லுக்கும்.
சந்தையில் விற்ற மாட்டை
வேறொருவன் கொட்டிலில் பார்த்தவர்போல.
"என் ரெண்டு விரலும் இதுலதான் எங்கியோ கெடக்கும்,
பாத்து மிதி."

வலை காயப்போட்டிருந்த பையன் கத்தினான்:
"ஏறாதீங்க, பாசி வழுக்கும்!
போன புயல்ல நாலு கல்ல உருட்டிட்டுப் போயிடுச்சு."
"நாலா?" சின்னையா கடலைப் பார்த்தார்.
"ஒண்ணு எட்டு டன்னு தம்பி."
குரலில் கொஞ்சம் பெருமை,
எனக்குக் கேட்டது.

ஒரு துளையில் மட்டும்
அளவெடுத்து வைத்தாற்போல் நண்டு.
இடக்கையை நீட்டினார்.
நண்டு பின்வாங்கவில்லை,
இல்லாத விரல்களுக்கு நேரே
ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டியது.

ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்து
எங்களையும் எடுக்கச் சொன்னேன்.
"கொஞ்சம் சிரிங்க அங்கிள்."
அவர் உள்ளங்கையால் தடத்தை மறைத்துக்கொண்டார்.

ஆறேகாலுக்கு பஸ்.
ஏறுமுன் செருப்பைத் தட்டினேன்.
மண்தான் விழுந்தது.