வந்த கதவு

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்.
வேதியியல் லேபின் மேசைகளைச் சுவரோரம் தள்ளினால்
அதுதான் மேடை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில் அரைக்கிறது.
புதுவயலில் எந்த ஜன்னலைத் திறந்தாலும்
அவித்த நெல் வாசம்தான் முதலில் உள்ளே வரும்,
அப்புறம்தான் காற்று.

ஜெய்னம்பு டீச்சர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று:
"கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."
அடைக்கப்பன் போனான். அவன் குரல்
இரண்டாவது வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டது.
சோலையழகி உள்ளங்கையைப் பார்த்தே பேசினாள்,
கைக்கு மட்டும் கேட்டிருக்கும்.
நான் போனேன்.
"வணக்கம்" என்றதும்
டெஸ்ட் ட்யூப்கள் ஸ்டாண்டில் கிணுகிணுத்தன.
வராந்தாவில் போன ஹெட்மாஸ்டர்
"யாருக்கு அடிபட்டுச்சு?" என்று எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு வந்தது எனக்கு
மில் சங்கு என்ற பெயர்.

என்ன செய்ய?
மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்.
உப்பு கேட்டாலும் சண்டை மாதிரி இருக்கும்,
கொஞ்சினாலும் சண்டை மாதிரி இருக்கும்,
நிஜமாகச் சண்டை வந்தால்
யாரும் பேசவே மாட்டோம்.

நாடகம் நாங்களே எழுதியது.
கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குள்
இரண்டு திருடர்கள் நுழைகிறார்கள்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு,
கதவைத் திறந்தால் இன்னொரு கதவு,
அதையும் திறந்தால் அதற்கும் ஒரு கதவு.
திருட ஒன்றும் அகப்படவில்லை,
வெளியே போக வழியும்தான்.
நான் இரண்டாம் திருடன்.
மொத்தமே ஒரு வசனம், ஏழு இடத்தில்:
"அண்ணே, வந்த கதவு எது?"
அதையும் கிசுகிசுக்க வேண்டும்.
கிசுகிசுப்பு கடைசி பெஞ்சுக்குக் கேட்கவும் வேண்டும்.

அது எப்படி என்று டீச்சருக்கும் தெரியாது.
எங்களோடு தரையில் படுத்தார்.
வயிற்றில் ஆளுக்கொரு ரெக்கார்டு நோட்டு:
மூச்சு இழுத்தால் நோட்டு ஏறணும்,
தோள் ஏறக் கூடாது.
பிறகு ஸ்பிரிட் விளக்கு முன்னால் நின்று 'ப' சொன்னோம்,
சுடர் சாயலாம், அணையக் கூடாது.
நான் ஒன்பது தடவை அணைத்தேன்.
"சொல்லோட வாலை முழுங்காதே, பாண்டிமீனா.
'எது'வில 'து' எங்கே போச்சு?"
தேடினேன். தொண்டையிலேயே கிடந்தது.

ஒரு ராத்திரி அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து
தலையில் உமியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.
நான் முகத்தைத் தூக்கி,
தோளை இறக்கி,
குரலே இல்லாமல், உதட்டால் மட்டும்:
அண்ணே, வந்த கதவு எது?

அம்மா சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்,
"நமக்கு ஒரே கதவுதானடி. அதுலயே போ."

"கேட்டுச்சா?"
"எங்க கேக்குது. தெரிஞ்சுச்சு.
மெஷின் ஓடுறப்ப நாங்க எல்லாரும்
இப்படித்தானே பேசிக்கிறோம்."
பிறகு ரசம் கேட்டாள்,
அதையும் உதட்டால் மட்டும்.
எடுத்து வைத்தேன்.

ஆண்டு விழா அன்று மைக் இரைந்தது,
முன்வரிசையில் குழந்தைகள் முறுக்கு கடித்தார்கள்,
அடைக்கப்பனின் மீசை ஒரு பக்கம் தொங்கியது.
மூன்றாவது கதவு தாண்டும்போது பார்த்தேன்,
ஹாலின் கடைசியில், பெஞ்சுக்கும் பின்னால்,
மில்லிலிருந்து நேராக வந்த ஐந்து பெண்கள்
நின்றுகொண்டிருந்தார்கள்.
அதற்குப் பிறகு நான் முன்வரிசையைப் பார்க்கவில்லை.

ஏழாவது முறை.
மூச்சு வயிற்றில் இருந்தது,
'து' பல்லைத் தாண்டிப் போனது:
"அண்ணே, வந்த கதவு எது?"

ஐந்து வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன:
இடது பக்கம்டி.

அது ஸ்கிரிப்டில் இல்லை.
அண்ணன் என்னை வலது பக்கம் இழுத்தான்,
அங்கே இன்னும் இரண்டு கதவு பாக்கி, ஒரு போலீஸும் இருந்தது.
நான் கையை உதறிவிட்டு
இடது பக்கம் போய்விட்டேன்.