முன்பயிர்

நொய்யலுக்குத் தென்கரை, ஒன்றரை ஏக்கர்.
மண் பரிசோதனைத் தாளில் பெயர்: சி. மாராத்தாள்.
முன்பயிர் என்ற கட்டத்தில்
உப்பு என்று எழுதினேன்.
கண்ணாடிக்காரர் அதை அடித்துவிட்டுத்
தரிசு என்றார்.

காரநிலை ஒன்பதைத் தாண்டியிருந்தது.
கரிமம் கால் சதம்கூட இல்லை.
ஜிப்சம் போடவும், வடிகால் வெட்டவும்,
தக்கைப்பூண்டு விதைக்கவும்.
பஸ்ஸில் நின்றபடி மூன்றுதரம் படித்தேன்.

சொல்லிவிடுகிறேன்:
பதினோரு வருசம் திருப்பூரில் செக்கிங் மேஜை.
சிவப்புப் பனியனில் கறை தேடிய விரல் இது.
அந்தச் சிவப்பைக் கழுவிய தண்ணிதான்
இந்தக் கிணத்துக்கு வந்தது.
காடு வாங்கியது அந்தக் கூலியில்.
யாரை வைய?

ஐப்பசி மழை மேலுப்பைக் கரைத்துக்கொண்டு போனது.
கொஞ்சம்தான்.
தக்கைப்பூண்டு திட்டுத்திட்டாய் முளைத்தது,
சொட்டைத் தலையில் முடிபோல.
பூ விடுமுன் மடக்கி உழுதோம்.

மூலனூர்ப் பக்கமிருந்து கிடை வந்தது.
முதல் ராத்திரி
செம்மறிகள் படுக்கவேயில்லை.
வரிசையாக நின்று
வெள்ளை பூத்த மண்ணை நக்கின,
நக்கின.
"உப்புக்கட்டிச் செலவு மிச்சமுங்க"
என்று சிரித்தார் பொங்கியண்ணன்.
கிடைக்கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

இருபத்தோரு ரா.
கிழக்குமூலை இன்னும் வெளுப்புத்தான்,
மம்பட்டி போட்டால்
ஓட்டில் பட்டதுபோல் சத்தம்.
மேற்கே மட்டும்
பிடித்த மண் பிடியில் நின்று
தட்டினால் உதிர்கிறது.

மறுபடி அதே மஞ்சப்பை, அரைக்கிலோ மண்.
முன்பயிர்?
ஆட்டுக் காலடி என்றெழுதி,
அவர் பேனா எடுக்குமுன்
கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.