முந்நூற்று ஏழு

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
இரும்புக்கும் தெரிந்திருக்கிறது.
பனி உருகட்டுமென்று
டுலூத் நகராட்சி சாலையில் கொட்டிய உப்பை
ஐம்பது குளிர்காலம் நினைத்து நினைத்துத்
தரைத்தகடு சல்லடையாகிப்போன
எழுபதாம் வருஷத்து ஷெவெல் ஒன்றை
எஞ்சின் இல்லாமல்
இழுவை வண்டியில் ஏற்றிவந்து
வீட்டு கராஜில் இறக்கினாள் மார்வா ஹாக்ஸ்ட்ரம்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஏரியில் மீன்பிடிக்க வைத்திருந்த படகை விற்ற காசு.
வெண்டெல் ஒன்றும் சொல்லவில்லை.
தூண்டில்களை மட்டும் எடுத்துப்போய்க்
கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டான்.

சிவப்பு உடம்பு, முதுகில் இரண்டு கறுப்புப் பட்டை,
முகப்பில் எஸ்.எஸ்.
"அசல். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு போட்டு வந்தது"
என்று சத்தியம் செய்திருந்தார் லைல் தோர்சன்.
விலையில் பாதி
அந்த இரண்டு எழுத்துக்கு.

காலைப் பேருந்துக்கும் மாலைப் பேருந்துக்கும் நடுவே
ஐந்து மணி நேரம் வண்டிக்கு அடியில்.
துருவேறிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு
ஒரு ராத்திரி பொறுப்பாள்.
தட்டிக் கேட்பாள். சூடு வைத்துக் கேட்பாள்.
பேருந்தில் சொல்ல முடியாத வார்த்தைகளால் கேட்பாள்.
சில அதற்குத்தான் திரும்பின.
சில தலை உடைந்தும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரியில் பெட்ரோல் டேங்கை இறக்கினாள்.
அதன் தலைமேல்
எலி மூத்திர மஞ்சளில் ஒரு தாள்.
கட்டங்கட்டமாய் அச்சடித்த ஜாதகத்தை
ஆலையில் எவனோ அங்கே செருகிவிட்டு
ஷிப்ட் முடிந்து போயிருக்கிறான்.
அவித்த முட்டையின் தோலை உரிப்பதுபோல்
மடிப்பு மடிப்பாய்ப் பிரித்தாள்.

நிறம்: பச்சை.
முன்னிருக்கை: நீள பெஞ்சு.
கியர்: இரண்டே வேகம், ஆட்டோமேட்டிக்.
எஞ்சின்: முந்நூற்று ஏழு.
எஸ்.எஸ். கட்டம் காலி.

ஞாயிறு தேவாலயத்துக்கும் மளிகைக்கும் போய்வர
யாரோ வாங்கிய மாலிபு.
இடையில் ஒருவன் அரிதாரம் பூசி
ராஜா வேஷம் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

லைலைப் போனில் பிடித்தாள்.
மறுமுனையில் வெகுநேரம் டிவி சத்தம் மட்டும்.
"எனக்கு விற்றவனும் சத்தியம் செய்தானே, மார்வா."
அதை அவளால் நம்ப முடிந்ததுதான்
ஆத்திரமாக இருந்தது.

மூன்று வாரம் அந்தத் தாள்
சாப்பாட்டு டப்பாவுக்குள் பேருந்தில் போய்வந்தது.
கிழித்துப் போட்டால் தீர்ந்தது.
வாங்க வருகிறவன்
டேங்குக்கு மேல் கை விட்டா பார்க்கப்போகிறான்?

நான்காம் வாரம் வெண்டெல் முன் விரித்தாள்.
அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து
மேலிருந்து கீழாக நிதானமாய்ப் படித்தான்.
"பச்சை நல்ல நிறம்தான்," என்றான்.
அப்புறம்,
"நம்ம படகும் பச்சைதான்."

எழுத்துகளைக் கழற்றியதும் ஓட்டைகள் மிஞ்சின.
வெல்டிங் வைத்து மூடி
விரல் ஏமாறும்வரை தேய்த்தாள்.

முந்நூற்று ஏழு,
க்ளோகேயில் ஒரு பழைய இரும்புக்கடையில்
தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நூற்றைம்பது டாலர்.
"இதை யாரும் கேட்டதே இல்லையே,"
ரசீதுக்கு முன்னால் ஒருமுறை
பின்னால் ஒருமுறை சொன்னாள் கடைக்காரி.

ஜூனில் சாவியைத் திருப்பினாள். இருமியது.
மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது.
உறுமல் என்று சொல்ல முடியாது.
கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்த ஒருவர்
தொண்டையைக் கனைத்துவிட்டுப்
பேச ஆரம்பிப்பது மாதிரி.

ஏரிக்கரை சிக்னலில்
பக்கத்தில் வந்து நின்ற கறுப்பு வண்டிப் பையன்
ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து,
"உள்ளே என்ன இருக்கு?" என்று கத்தினான்.
"முந்நூற்று ஏழு!"
அவன் முகம் எப்படிப் போனதென்று
அவள் பார்க்கவில்லை.
பச்சை விழுந்தது.
அவன் போனான், சத்தம் போனது, புகை கொஞ்சம் தங்கியது.

பதினெட்டு வருஷப் பழக்கம்.
கண்ணாடியை நிமிர்ந்து பார்த்துத்
தலைகளை எண்ணிவிட்டுத்தான் நகருவாள்.
நீள பெஞ்சு இன்னும் வந்து சேராததால்
பின்னிருக்கையில் வெண்டெல்,
ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு.

தலை ஒன்று. தூண்டில் இரண்டு.
பிரேக்கை விட்டாள்.