கோடு என்பது எண் அல்ல

காலை ஆறு இருபதுக்கு
டானூப் நதி எண்களாக எங்கள் அலுவலகத்துக்கு வரும்.
ஹர்ஷோவா முந்நூற்றுப் பதினெட்டு.
பிரேயிலா முந்நூற்று நாற்பது.
இசாக்சாவின் எண், தூக்கம் கலையாத நிகுலினா தட்டியது,
சில நாள் புள்ளி வைத்து, சில நாள் காற்புள்ளி வைத்து.

இவற்றைப் பிரித்து அடுக்க ஒரு நிரல்.
தொண்ணூற்றெட்டில் டோரெல் எழுதியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி;
டாலர் குறியும் சாய்கோடுமாக,
விசைப்பலகை மேல் பூனை நடந்த மாதிரி.
டோரெல் இப்போது கான்ஸ்டன்ட்சாவில்
படகுகளுக்குக் காப்பீடு விற்கிறான்.
கேட்டால், "நானா எழுதினேன்?" என்கிறான்.

அந்த மொழியை அடியோடு மாற்றிக் கட்டுகிறோம்
என்று அவர்கள் அறிவித்தபோது
என் மகன் பிறந்திருக்கவில்லை.
கட்டி முடித்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது.
காத்திருந்தவர்களில் பாதிப்பேர்
வேறு மொழிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.
மீதிப்பேர் பழையதிலேயே இருந்துவிட்டோம்,
சோம்பலை விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு.

பிப்ரவரியில் நதி உறைந்து
கப்பல்கள் நின்ற இரண்டு வாரத்தில்
டோரெலின் நிரலைப் புதியதில் எழுதிப் பார்த்தேன்.
தொண்ணூற்றொரு வரி.

அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.
பத்தில் ஒன்றும் பத்தில் இரண்டும்
அங்கே பத்தில் மூன்றுதான்.
பழையதில் கொஞ்சம் தோண்டினால்
பதினேழாம் இடத்தில் ஒரு நான்கு
செருப்பில் ஒட்டிய சேறு போல நிற்கும்.
பெயருக்கு முன்னால் போடும் குறியும் அப்படித்தான்:
பழையதில், பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்தால் குறி மாறிவிடும்.
புதியதில் மாறாது.
இரண்டு திருமணத்துக்குப் பிறகும்
அப்பா பெயரை விடாத எங்கள் கணக்காளர் லுக்ரேசியா போல.

ஆனால் மெதுவு.
ஓடு என்றால் ஒரு கணம் யோசிக்கிறது.
"நான் காபி போட்டுவிட்டு வருகிறேன்" என்றான் கோஸ்டின்,
போகவும் செய்தான்.

பழைய பதிவேடுகளைக் கொடுத்தேன்.
வேகமாக விழுங்கும் என்று பார்த்தால்
ஒரு பனிக்காலத்தில் நின்றுவிட்டது.
துல்சா. அளவுகோல் உறைந்த நாள்.
எண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு கோடுகள்.
இது எண் இல்லை, கூட்ட மாட்டேன் என்றது.

பழையது கூட்டியிருந்தது.
கோட்டைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு,
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்,
பதினொரு பனிக்காலம்.
எங்கள் சராசரிகளில் துல்சாவின் நதி
அவ்வப்போது வற்றிப் போயிருக்கிறது.
யாரும் மூழ்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.
ஆழம் தெரியாமல் காலை விடாதே
என்று சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

தலைமைப் பொறியாளர் வியோரிகா இரண்டையும் பார்த்தார்.
"உனக்குப் பிறகு இதை யார் படிப்பார்கள்?"
டோரெலுக்குப் பிறகு நான் படிக்கவில்லையா என்றேன்.
"படித்தாயா?" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.

கோஸ்டின் பழைய நிரலில் ஒரு வரி சேர்த்தான்:
கோடு வந்தால் தள்ளிவிடு.
நான்கு நிமிட வேலை.
முந்நூற்றுப் பதின்மூன்று வரி, இப்போது சரி.
இதற்குப் போய் ஒரு புது மொழியா என்று சிரித்தான்.
அந்த ஒரு வரி தேவை என்று
அவனுக்கு யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன்.
காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஆறு இருபதுக்குப் பழையதே ஓடுகிறது.
ஆறு இருபத்தைந்துக்கு என் மேசைக் கணினியில்,
யாரும் கேட்காமல், புதியது.

இன்று மறுபடி நின்றது.
இசாக்சாவிலிருந்து எண்ணே வரவில்லை,
"அதே" என்று ஒரு சொல் வந்திருந்தது.
தொலைபேசியில் கூப்பிட்டேன்.
"நதி நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது" என்றாள் நிகுலினா,
"அதை எதற்கு மறுபடி எழுத?"

அதற்குள் கோஸ்டின் அச்சடித்து
வாசல் பலகையில் ஒட்டிவிட்டு வந்தான்.
இசாக்சா: சுழியம்.