முந்நூறு கிலோ

பனியைக் கண்ணால் பார்த்திராத நாலு பேர்
பனிமலையில் இரும்புக்கல் சுமந்தோம்.
கீழக்கரையிலிருந்து நான்,
தங்கச்சிமடத்திலிருந்து ஜெரோசின்,
மண்டபம் ஐஸ் கம்பெனி இரவுப் பணியிலிருந்து நம்பு,
தம்மாமில் ஆறு பேர் படுக்கும் அறையிலிருந்து ஃபாசில் காக்கா.
அவர் குரல் மட்டும் அரை நொடி பிந்தி வரும்.

ஆளுக்கு முந்நூறு கிலோ. அதுதான் ஆட்டத்தின் கணக்கு.
ஒரு கல் கூடினாலும் கால் புதையும், ஓட முடியாது,
ஓநாய் வந்தால் போட்டுவிட்டுத்தான் தப்ப வேண்டும்.
ஓர் உலைக்கு ஒன்பது நடை.
அந்த நடைகளில்தான் தெரிந்தது
நம்புவுக்கு மூன்று மாதமாய்ச் சம்பளம் வரவில்லை என்பதும்
காக்கா வெங்காயம் நறுக்கும்போது பாடுவார் என்பதும்.

ஒரு வெள்ளி இரவு நம்பு ஒரு மாட் போட்டான்.
எடை என்பதே இல்லாமல் போனது.
மலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு
நாலே நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.
உலை எரிந்தது. சுற்றி நின்றோம்.
பேச ஒன்றுமில்லை.

"இது கள்ளாட்டம்" என்றேன்.
"யாரை ஏமாத்திட்டோம்?
எதிராளியே இல்லாத ஆட்டத்துல
ஓநாயா வந்து கேஸ் போடப் போகுது?
போட்டுல எக்கோ சவுண்டர் வச்சா கள்ளமா?
ரெட்டை மடி இழுத்தாத்தான் கள்ளம்" என்றான் நம்பு.
வீட்டுக்குள்ளேயே தாயம் ஆடும்போது
சோழியை நாமளே திருப்பி வச்சோம்னா, என்று
காக்கா ஆரம்பித்தார். லைன் போய்விட்டது.

அதுவரை வாய் திறக்காத ஜெரோசின் சொன்னாள்:
"உங்களுக்கென்ன, விடிய விடிய நடப்பீங்க.
எனக்குப் பிள்ளை முழிக்கிறதுக்குள்ள நாப்பது நிமிசம்.
போட்டு கரைக்கு வர்ற நாள்னா அதுவும் கிடையாது.
ஒன்பது நடையில நான் ரெண்டுதான் வருவேன்,
மிச்சத்தை மறுநாள் நீங்க சொல்லிக் கேப்பேன்.
உலை எரியிறதை இன்னைக்குத்தான்ப்பா பாத்தேன்."

இன்வெர்ட்டர் கீச் கீச்சென்றது.
அதையே சாக்காக்கி வெளியேறினேன்.

என் கதைக்கு வருகிறேன்.
ஆறு மாதமாய் என்னிடமும் ஒன்று இருந்தது,
மூடுபனிக்குள் ஓநாய் நிற்கும் இடத்தைச்
சிவப்புப் புள்ளியாய்க் காட்டும் சின்னக் கோப்பு.
கண்ணாடி உடைந்த வாரம் போட்டேன்.
புதுக் கண்ணாடி வந்த பிறகும் எடுக்கவில்லை.
"இடப்பக்கம், பாறைக்குப் பின்னால" என்பேன்.
நிற்கும்.
"கழுகுக் கண்ணுடா" என்பான் நம்பு.
புள்ளியைக் குற்றம் என்று சொல்வார்களோ மாட்டார்களோ.
அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டேனே,
அது எத்தனை கிலோ?

ஜூனில் புது அப்டேட்.
அவரவர் போட்டிருக்கும் மாட்கள்
உள்ளே நுழையும் முன்பே எல்லாருக்கும் தெரியும்.
நாலு பேருக்கும் ஒன்றாய் இருந்தால்தான் கதவு திறக்கும்.
கழற்றிவிட்டுப் போயிருக்கலாம், ஐந்து நொடி வேலை.
கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.
மவுஸின் மேல் கையை வைத்தபடி
ஐந்து நொடியைப் போகவிட்டேன்.

நம்பு சத்தமாய்ப் படித்தான்.
தன்னுடையது. காக்காவுடையது,
ஊர் நேரம் காட்டும் ஒரு கடிகாரம்.
பிறகு என்னுடையது. நிறுத்தினான்.
"அப்ப அந்தப் பாலத்துக்கிட்ட ஓநாய்..."
"ஆமா."
"சுரங்கத்துக்குள்ள..."
"அதுவும்."

தம்மாம் அரை நொடியை விட நீளமாய் ஒரு மௌனம்.
மின்விசிறி நின்றுபோன அறையில்
சட்டை முதுகோடு ஒட்டியிருக்க,
திரையில் நாலு பேரும்
மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

"எல்லாரும் போடுறதா, எல்லாரும் எடுக்குறதா,
சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் ஜெரோசின்.
"பிள்ளை புரளுது. முப்பத்தஞ்சு நிமிசந்தான் இருக்கு.
இங்க வேற குளிருது."